பதினோரு வரிகளும் கணினிக்குள் ஒரு கணினியும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. நடந்தது ஒருவருக்கு, வரிசையாகச் சொன்னவரும் அவரே. நடுவில் வந்து அசடு வழிந்தது மட்டும்தான் என் பங்கு.

அவரை இந்தத் தொழிலில் எல்லோரும் டிடிபி அக்கா என்பார்கள். எழுத்தாளர்கள் கொடுக்கும் கிறுக்கலைத் தட்டச்சு செய்து, பக்கம் பக்கமாக அடுக்கி, அச்சகத்துக்கு அனுப்பும் வேலை. வீட்டு முன்னறையிலேயே செய்கிறார். அவருக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு அறுபது. இருந்தாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். பதிப்பாளருக்கு எழுபத்து மூன்று, அவருக்கும் அக்காதான்.

இன்னொன்று. இதில் 'எழுத்தாளர்' என்று ஒருவர் வருவார். அது நான்தான். ஆனாலும் அவரை 'எழுத்தாளர்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் கை தானாகவே என்னை நல்லவனாக்கிவிடுகிறது. இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நான் கண்கலங்கி, தழுதழுத்து, பெருந்தன்மையாக நின்றேன். சகிக்கவில்லை.

இந்தக் கதைக்குப் பக்கம் போடப்போவதும் அக்காதான். ஆகவே நடுவில் சதுர அடைப்புக்குறிக்குள் ஏதாவது குரல் கேட்டால் மிரள வேண்டாம்.

[வணக்கம். —ப.வ.]

ப.வ. என்றால் பக்க வடிவமைப்பு.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஆதிகாலம் தொட்டே மனிதன் ஒன்றுக்குள் ஒன்றை வைத்துப் பார்ப்பதில் ஆர்வம் கொண்டவன். விதைக்குள் மரம், முட்டைக்குள் பறவை, கணினிக்குள்—"

விட்டுவிட்டேன். ஆதிகாலத்தில் ஆரம்பித்தால் அக்காவின் வீட்டுக்கு வந்து சேர நாற்பது பக்கமாகும்.

இரண்டாவது: "மழை பெய்துகொண்டிருந்தது." பெய்யவில்லை. வெயில் கொளுத்தியது.

மூன்றாவது: "அக்காவின் பழைய கணினி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, காரணம் எதுவும் சொல்லாமல், உயிரை விட்டது."

நடந்தது இதுதான். இதையே வைத்துக்கொள்வோம்.

அக்காவின் மேசையில் இரண்டு கணினிகள் இருந்தன. இப்போதைய வேலைகளுக்குப் புதியது. பழையதில், புதியது வருவதற்கு முந்தைய பதினைந்து வருடத்துப் புத்தகங்கள், எண்பத்து மூன்று. அவற்றையெல்லாம் வடிவமைத்த மென்பொருள் அந்தக் காலத்து இயங்குதளத்தில் மட்டுமே ஓடும். அதன் தமிழ் எழுத்துருக்களும் தனி ரகம். அந்தக் கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் கொக்கியும் கேள்விக்குறியுமாகக் கொட்டும். போதாக்குறைக்கு ஒரு 'லாக்' வேறு. கட்டைவிரல் அளவில் பச்சை நிறத்தில் ஒரு செருகி. அதைக் கணினியில் செருகினால்தான் மென்பொருள் கண்ணையே திறக்கும்.

சர்வீஸ்காரர் வந்தார். கணினிகளுக்கு இருபது வருடமாக வைத்தியம் பார்ப்பவர். பெட்டியைக் கழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தார்.

"போர்டு கருகிடுச்சு அக்கா. ஆனா டிஸ்க் நல்லா இருக்கு. ஃபைலெல்லாம் புதுசுல ஏத்திடறேன்."

"ஏத்தி? திறக்க முடியாதே."

"அது வேற விஷயம்," என்றார் சர்வீஸ்காரர், அது தன் விஷயம் இல்லை என்பதுபோல.

அக்கா பெரிதாகக் கவலைப்படவில்லை. உண்மையைச் சொன்னால், மனதுக்குள் ஏதோ ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதி வியாழக்கிழமை வரை நீடித்தது. வியாழன் அன்று எழுத்தாளர் போன் செய்தார்.

"அக்கா, நம்ம நாவல் ரெண்டாம் பதிப்பு வருது. பழைய ஃபைல் உங்ககிட்டதானே இருக்கு?"

"மெஷின் போயிடுச்சு சார். புத்தகம்தான் இருக்கே, ஸ்கேன் பண்ணி எடுத்துக்கலாம்."

"இல்லக்கா. பழைய ஃபைலே வேணும்."

"எதுக்கு சார்?"

"ஒரு மனத்திருப்திக்கு."

"பாக்கறேன் சார்" என்று அக்கா அவசரமாகப் போனை வைத்தார். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன். (சொல்லிவிடலாமா? கதையை இப்போதே போட்டு உடைத்தால் மீதிப் பக்கங்களுக்கு என்ன செய்வது? ஐந்தாம் பகுதி வரை பொறுங்கள். அதற்கு மேல் இழுக்க எனக்கே தெம்பில்லை.)

3

"கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் போட்டுடலாம் அக்கா," என்றார் சர்வீஸ்காரர் மறுநாள்.

அக்கா மேசையைப் பார்த்தார். "எங்க? இடமே இல்லையே."

"வெளில இல்ல, உள்ள. விர்ச்சுவல் மெஷின்னு பேரு. அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அதைப் போட்டா உங்க புது கம்ப்யூட்டர் ஒரு சின்ன ஜன்னலுக்குள்ள பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும். உங்க பழைய சிஸ்டம் சிடி இருக்குல்ல? அதை அதுக்குள்ள ஏத்திக்கலாம். அதுக்கு மேல உங்க பழைய பேஜ் சாஃப்ட்வேர்."

"அது நடிப்புன்னு பேஜ் சாஃப்ட்வேருக்குத் தெரியாதா?"

"தெரியாது. நிஜ மெஷின்ல ஓடுறோம்னே நெனச்சிட்டு இருக்கும்."

"பாவம்," என்றார் அக்கா.*

"ஆனா எந்த சாஃப்ட்வேர்னு நீங்கதான் முடிவு பண்ணணும். நாலு இருக்கு. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க: அந்தப் பச்சை லாக்கை வெளிய செருகினா, உள்ள இருக்கிற மெஷினுக்கு அது தெரியணும். தெரியலன்னா எல்லாம் வேஸ்ட்."

அக்கா கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து அட்டவணை போட்டார். நான்கின் உண்மையான பெயர்களை நான் எழுதப்போவதில்லை; விளம்பரமும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். அக்கா வைத்த பட்டப்பெயர்களே போதும்.

முதலாவது, கூடப்பிறந்தவர். புதிய இயங்குதளத்தோடு சேர்ந்தே வருவது. தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ஒரு கட்டத்தில் டிக் போட்டால் விழித்துக்கொள்ளும். அக்கா அந்தக் கட்டத்தை ஒரு முழு மத்தியானம் தேடினார். கிடைக்கவில்லை. வீட்டுப் பதிப்பில் அது கிடையாதாம். அலுவலகப் பதிப்பில் மட்டும்தானாம். கூடப்பிறந்தும் கூட வராதவர்.

அடுத்தது பெரிய இடம். பார்க்க அழகு, ஓட்டம் வழுவழு. ஆனால் வாசலிலேயே ஒரு படிவத்தை நீட்டியது: பெயர், முகவரி, வீட்டு உபயோகமா, தொழில் உபயோகமா? அக்கா யோசித்தார். வீட்டில் உட்கார்ந்துதான் தொழில் செய்கிறார். அடுப்பில் குக்கர் சத்தம் போட, நடுவில் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து அட்டவணைப் பக்கத்தைச் சரிசெய்கிறார். இதற்கு எந்த வட்டத்தில் புள்ளி வைப்பது?

தர்மப்பிரபு என்று ஒன்று. முற்றிலும் இலவசம், யார் எவர் என்று கேட்கவில்லை. ஆனால் தட்டினால் விரியும் அமைப்புகள் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தன. நான்காவதுக்கு முனிவர் என்று பெயர். அதற்கு ஜன்னல் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை எழுத வேண்டும். சர்வீஸ்காரருக்கு அதன் மேல் தனிப்பாசம்.

"அதுகிட்ட என்ன கேட்டாலும் குடுக்கும் அக்கா."

"கேக்கத் தெரியணுமே."

* விர்ச்சுவல் மெஷினுக்கு மெய்நிகர் இயந்திரம் என்பது நல்ல தமிழ். ஆனால் அந்த முன்னறையில் யாரும் அதைச் சொல்லவில்லை. கட்டுரைகளில் மட்டும் வாழும் சொற்களும் ஒருவகையில் இப்படித்தான், நிஜ உலகத்தில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு—(வேண்டாம். இது உபதேசமாகப் போகிறது.)

4

மூன்று வாரம் ஆயிற்று. அட்டவணையில் ஐந்து தலைப்புகள் பதினான்காக வளர்ந்தன.

[பதிமூணு. —ப.வ.]

பதிமூன்றாக. நினைவகம் எவ்வளவு கேட்கும், திரை எவ்வளவு பெரிதாகும், கோப்பை வெளியே எடுக்க எத்தனை படி, உதவிப் பக்கம் புரிகிற மாதிரி இருக்கிறதா. கடைசித் தலைப்பு: 'பெயர் வாயில் நுழைகிறதா?' ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். மதிப்பெண்களை வாரத்துக்கு இரண்டு முறை அழித்து எழுதினார். எழுத்தாளர் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தார். "பாத்துட்டே இருக்கேன் சார்" என்று ஒருநாள் விட்டு ஒருநாள் பதில் போயிற்று.

அக்காவின் கணவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், மூக்குக்கண்ணாடி. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார். அன்று சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே நோட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, என்னைக் கட்டிக்கிறதுக்கு நீ ஒரே ஒரு மத்தியானம்தானே யோசிச்ச?"

"அதனாலதான் இப்ப நிதானமா யோசிக்கிறேன்."

"கடையில நான் ரெண்டு லென்ஸுதான் காட்டுவேன். இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? முடிஞ்சுது. நாலு காட்டினா, நல்லா தெரிஞ்சிட்டிருந்த ஆளுக்கும் கண்ணு மங்கிடும்."

"நீங்க கடைக்குப் போங்க."

இந்த இடத்தில் எனக்கே அக்கா என்ற பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. வாசகருக்கும் வந்திருக்கும். ஐந்நூறு பக்கப் புத்தகத்துக்கு எழுத்துரு தேர்ந்தெடுக்க அவர் ஐந்து நிமிடம் எடுத்ததில்லை. அட்டையில் எந்த நீலம் என்று ஆறு பேர் அடித்துக்கொண்டபோது, "இது" என்று விரலை வைத்துவிட்டு எழுந்து போனவர். அப்படிப்பட்டவர் ஒரு இலவச மென்பொருளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் மல்லுக்கட்டுகிறார் என்றால், ஒன்று நான் அவரைத் தப்பாக எழுதுகிறேன். அல்லது அவருக்கு அந்தக் கணினி திறக்கவே கூடாது.

இரண்டாவதுதான்.

கணவர் கடைக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சாஃப்ட்வேரா பிரச்சினை?"

அக்கா நோட்டை மூடினார். "இல்ல," என்றார்.

5

பதினெட்டு வருடத்துக்கு முன்பு. எழுத்தாளரின் நாவல் அச்சுக்குப் போக ஒருநாள் இருந்தது. ஒரே மாடிப்படியில் எதிரெதிர் வீட்டில் குடியிருக்கும் அண்ணன் தம்பி பற்றிய நாவல். ஏதோ ஒரு சொல் பட்டுப் பத்து வருடம் பேசாமல் இருக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் தம்பி அண்ணன் வீட்டுக் கதவு முன்னால் வந்து நிற்கிறான்.

புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக அச்சடிப்பார்கள்; ஒவ்வொரு பதினாறுக்கும் ஒரு ஃபாரம் என்று பெயர். எட்டு ஃபாரம் என்பது முடிவாகிவிட்டது. நூற்றிருபத்தெட்டு பக்கம். நாவலோ நூற்றிருபத்தொன்பதாம் பக்கத்தில் பத்து வரி வழிந்து நின்றது.

எழுத்தாளர் வெளியூர் போயிருந்தார். போன் கிடைக்கவில்லை. பதிப்பாளரைக் கேட்டால், "ஒன்பதாவது ஃபாரமெல்லாம் முடியாது. நீங்களே பாத்து ஏதாவது பண்ணுங்க அக்கா" என்று வைத்துவிட்டார்.

அக்கா பார்த்தார். கடைசி வரிகள் முழுக்க எழுத்தாளர் கதவைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் யோசித்திருந்தார். தம்பி யோசித்து யோசித்து, தட்டாமலே திரும்பிப் போகிறான். கத்தரிக்க அதைவிட வசதியான இடம் புத்தகத்திலேயே இல்லை. பத்து வரியை எடுத்தால் வாக்கியம் பாதியில் தொங்கும். பதினொன்றை எடுத்தால் சுத்தமாக நிற்கும். எடுத்தார். "தம்பி அண்ணன் வீட்டுக் கதவின் முன்னால் வந்து நின்றான்" என்பதோடு நாவல் முடிந்தது.

பக்கத்தின் அடியில் ஒரு வரி இடம் காலியாக இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நூற்றிருபத்தெட்டு பக்கமும் தட்டச்சு செய்தவர் அவர். அந்தத் தம்பியை அவரளவுக்கு யாருக்கும் தெரியாது. அவன் அப்படியே நிற்பது பொறுக்கவில்லை. விசைப்பலகையில் கை வைத்தார்:

'கையை உயர்த்தினான். தட்டுவதற்கு முன்பே உள்ளே தாழ்ப்பாள் விலகியது.'

சரியாக ஒரு வரி. கோப்பை அனுப்பிவிட்டுப் போய்த் துணி துவைத்தார்.

நாவல் வெளிவந்தது. விமர்சனம் எழுதியவர்கள் எல்லாரும் அந்தக் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை சோகத்துக்குப் பெயர்போன எழுத்தாளரிடம் இப்படியொரு வெளிச்சமா என்று வியந்தார்கள். பரிசு வந்தது. விழாவுக்கு அக்காவையும் அழைத்திருந்தார்கள். எழுத்தாளர் மேடையில் கடைசிப் பக்கத்தை வாசித்தார். தாழ்ப்பாள் விலகியபோது அரங்கமே கைதட்டியது. மூன்றாவது வரிசையில் அக்காவும் தட்டினார். தான் எழுதாததை எழுதியதாக நினைத்து ஒரு மனிதர் வாசித்துக்கொண்டிருக்கிறார், பாவம், என்று நினைத்தார்.

எழுத்தாளர் அச்சான தன் புத்தகத்தைத் திறப்பதில்லை என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொள்பவர். ஆகவே அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் பழைய கோப்பு இருக்கும் கோப்புறையில் இரண்டு கடைசிப் பக்கங்கள் இருக்கின்றன, வெட்டியது, வெட்டாதது. அக்கா எந்தக் கோப்பையும் அழிப்பவர் இல்லை.

இதையெல்லாம் கேட்டு முடித்த கணவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

"அந்த வரி உன்னுதா?"

"ஆமா."

"கடைக்கு வர்றவங்க எத்தனை பேருக்கு அந்தப் புத்தகத்தைச் சொல்லியிருக்கேன்! அந்த மனுஷன் வந்தா, ஆஹா என்ன வரின்னு சொல்லிச் சொல்லி, அவர் கண்ணாடியை நானே வாங்கித் துடைச்சுக் குடுப்பேன். நீ பாத்துட்டு சும்மாதானே இருந்த?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு வருடத்தில் அந்த விஷயத்தை நினைத்து வந்த முதல் சிரிப்பு. சிரித்து முடித்ததும் நோட்டைத் திறந்து, பதிமூன்று தலைப்புகளுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"தர்மப்பிரபுவே போதும்," என்றார். "வீடா ஆபீஸான்னு கேக்கல. லாக்கை உள்ள விடும்னு போட்டிருக்கான். வேற என்ன வேணும்?"

6

புதன்கிழமை காலை சர்வீஸ்காரர், வெளியிலிருந்து செருகும் சிடி டிரைவோடு வந்தார். முதல் தடவை தர்மப்பிரபு ஓட மறுத்து, சிவப்பில் ஒரு நீண்ட செய்தி காட்டியது.

"ஒண்ணும் இல்ல அக்கா. புது மெஷினுக்கே இந்த நடிப்பு வேலைக்கு அனுமதி குடுக்கணும். மூடி வெச்சிருக்காங்க." கணினியை அணைத்து, எழும்பும்போதே ஒரு விசையை அழுத்திப் பிடித்து, உள்ளறை அமைப்புக்குள் நுழைந்து ஏதோ ஒன்றைத் திறந்துவிட்டார்.

இரண்டாம் தடவை ஜன்னலுக்குள் பழைய நீலத் திரை வந்தது. எட்டு ஜிபி நினைவகத்தில் பழைய கணினிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று அக்கா கேட்டார்.

"அரை ஜிபி போதும். அந்தக் காலத்து ஆளு. அதுக்கு மேல குடுத்தா என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கும்."

திரை முதலில் தபால்தலை அளவுக்குத்தான் இருந்தது. கூட ஒரு சின்னப் பொதியை நிறுவியதும் மேசை அளவுக்கு விரிந்தது. கடைசியாகப் பச்சை லாக். செருகினார்கள். விளக்கு எரியவில்லை. சர்வீஸ்காரர் மெனுவைத் திறந்து, பட்டியலில் அதன் பெயரைத் தேடி ஒரு டிக் போட்டார். மூன்று நொடி. லாக்கின் நுனியில் பச்சைப் பொட்டு மின்னியது. உள்ளே, ஜன்னலுக்குள், பழைய மென்பொருளின் முகப்புப் படம் வந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் துளியும் தெரியவில்லை.

"இப்ப ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கோங்க," என்றார் சர்வீஸ்காரர். "இந்த நிலைமையை அப்படியே நிறுத்தி வெச்சுக்கும். உள்ள என்ன குழப்பம் பண்ணினாலும் ஒரு கிளிக்ல இங்கயே திரும்பி வந்துடலாம்."

"எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க," என்றார் அக்கா.

அவர் நாவலின் கோப்புறையைத் தொடவில்லை. எழுத்து சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு தையல் பாடநூலைத் திறந்தார். காஜா, கொக்கி, கழுத்துப்பட்டி எல்லாம் அச்சுப் பிசகாமல் வந்தன. மூடினார். எழுத்தாளருக்குப் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க சார். சேர்ந்தே திறப்போம்."

7

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் எழுத்தாளர் மன்னிப்புக் கேட்கிறார். நான்காவதுதான் நடந்தது.

ஞாயிறு காலை பதினொரு மணி. எழுத்தாளர் வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலுக்குள் பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. கணவர் டீ கொண்டுவந்து வைத்தார். இந்த முறை கண்ணாடியைத் துடைத்துத் தர முன்வரவில்லை.

"திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார்," என்றார் அக்கா. மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னார். ஃபாரம், பத்து வரி, பதினோரு வரி, ஒரு வரி இடம், தாழ்ப்பாள். "நான் பண்ணது தப்பு. உங்க புத்தகத்துல கை வெச்சிருக்கக் கூடாது."

எழுத்தாளர் டீயைக் கீழே வைத்தார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"புத்தகம் வந்த அன்னிக்கே தெரியும். பஸ் ஸ்டாப்புல நின்னு படிச்சேன்."

"நீங்கதான் அச்சான புத்தகத்தைத் திறக்கவே மாட்டீங்களே!"

"அது சும்மா, பேட்டிக்காகச் சொல்றது."

அக்கா அவரையே பார்த்தார். எழுத்தாளர் தொடர்ந்தார்: "செம கோபம். உங்களைக் கூப்பிட்டுத் திட்டலாம்னு போனைக் கையில எடுத்தேன். அதே நேரம் பதிப்பாளர் கூப்பிட்டாரு. கடைசி வரியைப் படிச்சு அழுதுட்டேன்னாரு. சரி, நாளைக்குத் திட்டலாம்னு விட்டேன். நாளைக்கு இன்னொருத்தர் கூப்பிட்டாரு."

பதினெட்டு வருடமாகக் குற்றவாளியாக உட்கார்ந்திருந்த அக்கா அப்போதுதான் நிமிர்ந்தார்.

"அப்போ மேடையில? மேடையில வாசிச்சீங்களே, சார்! என் வரின்னு தெரிஞ்சேவா வாசிச்சீங்க?"

இங்கேதான் முதல் மூன்று பிரதிகளில் எழுத்தாளர் கைகூப்பினார். உண்மையில் அவர் சொன்னது இது:

"வாசிக்க நல்லா இருந்துச்சு அக்கா."

கணவர் சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளிருந்து அவர் இருமுவது போலச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை தடவை உங்க போன் வந்தா எடுக்காம இருந்திருக்கேன் தெரியுமா? உங்க அடுத்த ரெண்டு புத்தகத்தை வேண்டாம்னு சொன்னேனே, ஏன்னு நெனச்சீங்க? மூஞ்சியில முழிக்கப் பயந்துட்டு!"

[இதைவிட அதிகமாத் திட்டினேன். சார் குறைச்சுட்டார். —ப.வ.]

எழுத்தாளர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, "எனக்கும் பயம்தான் அக்கா," என்றார். "நீங்க யார்கிட்டயாவது சொல்லிடுவீங்களோன்னு. அதைவிட, என் பதினோரு வரி நிஜமாவே அவ்வளவு மோசமான்னு. கையெழுத்துப் பிரதி தொலைஞ்சுபோச்சு. எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்ல. அதைப் பாக்கத்தான் பழைய ஃபைல் கேட்டேன்."

அக்கா நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார். அவருக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் இப்போது ஆர்வம் அதை முந்திக்கொண்டது.

8

வெட்டாத பக்கம் திறந்தது. எழுத்தாளர் வாய்விட்டுப் படித்தார்.

"கதவு என்பது மரமா, காலமா? காலம் என்பது திறப்பா, மூடலா? திறப்பு என்பது வெளியேறுவதன் தொடக்கம் எனில், மூடல் என்பது—"

நிறுத்தினார். "இதை நானா எழுதினேன்?"

"படிங்க சார். இன்னும் இருக்கு."

மூன்றாம் வரியில் கதவு கடலானது. ஐந்தாம் வரியில் கடல் கண்ணாடியானது. எழுத்தாளர் குரல் போகப்போகக் கம்மியது. ஏழாவது வரியில் தத்துவத்துக்கு ஒரு சின்ன இடைவெளி.

'உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. அப்பாவின் இருமல். அண்ணனுக்கு எப்போது அப்பாவின் இருமல் வந்தது?'

எட்டிலிருந்து மறுபடி கதவு காலமாகி, பதினொன்றில் தம்பி திரும்பி நடந்தான். அந்த நடையும் ஒரு கதவுதானாம். அதையெல்லாம் யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா ஏழாவது வரியிலேயே விரலை வைத்திருந்தார்.

"இதை நான் எப்படி சார் வெட்டினேன்?"

"பத்து குப்பைக்கு நடுவுல இருந்தா யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சிருக்கணும். தட்டச்சு பண்ணினவ நான்தானே." பதினெட்டு வருடமாகத் தப்பான தப்புக்கு வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சேர்த்த வரிக்காக வருந்தினார்; வருந்த வேண்டியது விட்ட வரிக்கு.

"ரெண்டாம் பதிப்புல உங்க பேரு போடறேன் அக்கா," என்றார் எழுத்தாளர்.

"எங்க?"

"நன்றி பக்கத்துல. முதல் பேரா."

"நன்றி யாருக்கு வேணும் சார்? இந்தத் தடவை முடிவுல எனக்கும் ஒரு ஓட்டு குடுங்க. அது போதும்."

கொடுத்தார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

9

முடிவு அ: இரண்டாம் பதிப்பு ஒன்பது ஃபாரம். இடத்துக்குப் பஞ்சமில்லை. அக்கா இருமலைச் சேர்க்கச் சொன்னார், எழுத்தாளர் பெருந்தன்மையோடு—(ஆரம்பித்துவிட்டான் பாருங்கள். வெட்டுகிறேன்.)

முடிவு ஆ: எழுத்தாளரின் பதினோரு வரியும் அப்படியே திரும்பி வருகின்றன. இதற்கு ஒரு ஓட்டும் விழவில்லை. எழுத்தாளரே கை தூக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அக்காவுக்கு என் இருமல் வேண்டும். "அதைக் கேட்டப்புறம்தான் அவன் கையைத் தூக்கறான் சார். இத்தனை வருஷமா அவன் ஏன் தூக்கினான்னு எனக்கே தெரியாது. இப்பதான் தெரியுது."

எனக்கோ அக்காவின் தாழ்ப்பாள் மட்டும் போதும். (கவனித்தீர்களா, 'எழுத்தாளர்' போய் 'நான்' வந்துவிட்டேன். இருக்கட்டும். இங்கே எனக்கு நல்லவனாகத் தோன்ற இடமே இல்லை.) இருமல் கேட்டுவிட்டால் அண்ணன் உள்ளே இருப்பது தெரிந்துவிடுகிறது. தாழ்ப்பாள் விலகும்போது வருமே ஒரு திடுக்கிடல், அது பாதி போய்விடுகிறது என்பது என் கட்சி.

"திடுக்கிடறது முக்கியமா, புரியறது முக்கியமா?" என்று அக்கா கேட்கிறார்.

"ரெண்டும்தான்."

"ரெண்டுக்கும் சேத்து ஒரு ஓட்டு போட முடியாது சார்."

நான் அவர் வரிக்காகச் சண்டை போடுகிறேன். அவர் என் வரிக்காக. தினமும் போன். இப்போதெல்லாம் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுகிறார். கணவரை மூன்றாவது ஓட்டாகச் சேர்க்கப் பார்த்தோம். "ரெண்டு பேரும் என் கடைக்கு வர்றவங்க" என்று நழுவிவிட்டார். சர்வீஸ்காரர் நாவலைப் படிக்கவில்லை. படிக்கும் உத்தேசமும் இல்லையாம். அச்சகம் வெள்ளிக்கிழமை கேட்கிறது. இன்று புதன்.

ஆகவே, வாசகரே, மூன்றாவது ஓட்டு உங்களுடையது. இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

'தம்பி அண்ணன் வீட்டுக் கதவின் முன்னால் வந்து நின்றான். கையை உயர்த்தினான். தட்டுவதற்கு முன்பே உள்ளே தாழ்ப்பாள் விலகியது.'

'தம்பி அண்ணன் வீட்டுக் கதவின் முன்னால் வந்து நின்றான். உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. அப்பாவின் இருமல். அண்ணனுக்கு எப்போது அப்பாவின் இருமல் வந்தது? கையை உயர்த்தினான். தட்டுவதற்கு முன்பே உள்ளே தாழ்ப்பாள் விலகியது.'

படித்தாயிற்றா? எது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அக்காவிடம் சொல்லுங்கள். எங்கள் இருவரில் முடிவு போடத் தெரிந்தவர் அவர்தான்.